கோலமாவில் ஒரு கபடித் திடல்

என்னை வார்டு மெம்பர் ஆக்கியது ஊர்க்காரர்கள் இல்லை. எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள், அதனால் ஆனேன். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர்தான் நிற்பதாக இருந்தது. வெள்ளை வேட்டியெல்லாம் வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். ஒதுக்கீடு வந்ததும் என் பெயரில் மனு போட்டுவிட்டு, தானே மெம்பர் ஆகிவிட்ட தோரணையில் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார். ஊராட்சி மன்றத்தின் முதல் கூட்டத்துக்கு என்னோடு வந்தவர், எனக்குப் போட்டிருந்த நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தும் விட்டார்.

"எழுந்துருய்யா. ஓட்டு எனக்குத்தான் போட்டாங்க" என்றேன்.

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்ததில் ஊராட்சித் தலைவருக்கு மட்டும் இருமல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு எழுந்து போனவர்தான். அதற்கப்புறம் வண்டியில் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவதோடு சரி.

எங்களுக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் கோயில் சுவரில் அந்தக் காலத்துத் தேர்தல் விதிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறார்கள். இந்தக் காலத்து மெம்பர் எப்படி இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று பார்க்க ஒருத்தரும் வருவதில்லை. வந்திருந்தால் நல்ல வேடிக்கை கிடைத்திருக்கும்.

வேலையைப் பிரித்துக்கொண்டபோது தண்ணீர், தெருவிளக்கு, ரோடு எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது பூங்காவும் விளையாட்டுத் திடலும். "புள்ளைங்க சமாச்சாரம், மெம்பரம்மா. நீங்களே பாத்துக்கோங்க" என்று தலைவர் அதை என் தலையில் கட்டினார். நானும் சரி என்றேன்.

பூங்கா என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கரைக்குக் கீழே, ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற புறம்போக்கு அது. சுற்றிலும் கம்பி வேலி. ஒரு சறுக்கு, ஒரு ஊஞ்சல், மிச்சமெல்லாம் வெறும் மண் தரை. கேட்டில் ஒரு பெரிய பூட்டு. எதற்குப் பூட்டு என்று கேட்டால், திறந்துவிட்டால் பிள்ளைகள் வந்து உடைத்துவிடுமாம்! மாதத்துக்கு ஒரு தடவை யூனியன் ஆபீசுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். அன்றைக்கு மட்டும் பூட்டைத் திறந்து, ரோட்டில் போகிற பிள்ளைகளைப் பிடித்து ஊஞ்சலில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். எடுத்த கையோடு இறக்கிவிட்டுப் பூட்டிவிடுவார்கள். இதற்குக் கண்காணிப்பு என்று பெயர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போட்டேன். பூட்டு எங்கே என்று தலைவர் கேட்டார். "பத்திரமா கீது" என்றேன்.

கேட்டைத் திறந்ததும் முதலில் ஆடுகள் வந்தன, பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஊர்த்தெருப் பெண் பிள்ளைகளும் காலனிப் பெண் பிள்ளைகளும் சேர்ந்து கபடி ஆட ஆரம்பித்தார்கள். அதில் பிளஸ் டூ படிக்கிற ஒருத்தியைக் கேப்டன் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். காலனிப் பெண். ஆள் ஒல்லி. ஆனால் பிடித்துப் பார்த்தால் தெரியும், ஏரி விரால் மாதிரி நழுவிப் போய்விடுவாள். அவளுடைய அம்மா எங்கள் நிலத்துக்கு நடவுக்கும் களைக்கும் வருகிறவள். வருஷக்கணக்காக அவளும் நானும் பேசியதெல்லாம் நாற்று, களை, மழை, இவ்வளவுதான். அவள் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவாள், நான் இந்தப் பக்கம் நின்று கேட்பேன்.

பிள்ளைகள் ஆட ஆரம்பித்த கொஞ்ச நாளில் தலைவர் ஒரு திட்டத்தோடு வந்தார். அந்த இடத்தில் சிமெண்ட் போட்டு நெல் காயவைக்கிற களம் கட்ட வேண்டும் என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் களம் இல்லை, நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்து பஸ் டிரைவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். அடுத்த கிராம சபையில் முடிவு செய்யலாம் என்று பேச்சு. களம் வேண்டும் என்று ஊரிலேயே அதிகமாகச் சத்தம் போட்டது யார் என்றால், என் வீட்டுக்காரர்தான்.

விஷயம் கேப்டன் காதுக்குப் போனது. நேராக என்னிடம் வந்தாள்.

"சிமெண்ட் போட்டுட்டா நாங்க எங்க மெம்பரம்மா ஆடறது? உளுந்தா முட்டி பேந்துடும்."

"டவுன்ல கிரவுண்டு கீதேடி."

"எங்கம்மா பஸ் ஏத்தி வுடாது. திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிப்பூடும்னு பயப்படுது. இங்க ஆடுனாத்தான் உண்டு."

கண்ணில் தண்ணீர் இல்லை. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இந்தத் திடல் போனால் அந்தப் பெண்ணுக்குக் கபடியே போச்சு. பார்த்துக்கலாம் போ என்று அனுப்பிவிட்டேனே தவிர, எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

யூனியன் ஆபீசில் விளையாட்டைக் கவனிக்கிற மேடம் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஊராட்சிகளுக்குள்ள பொண்ணுங்க கபடிப் போட்டி நடத்தணும். கடைசி மேட்ச்சை உங்க திடல்லயே வெச்சுக்கலாம். நல்லபடியா நடந்தா, இது விளையாட்டுத் திடலாவே இருக்கட்டும்னு உங்க கிராம சபைல நானே வந்து சொல்றேன். நடக்கலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

கடைசி மேட்ச் என்றால் அதில் எங்கள் பிள்ளைகளும் இருக்க வேண்டுமே! முந்தைய மேட்ச் இரண்டும் பக்கத்து ஊரில், பகலில் நடந்தன. கேப்டனின் அம்மாவைக் கெஞ்சி, என் வீட்டுக்காரர் வண்டியில் கேப்டனை உட்காரவைத்து நானே பின்னால் உட்கார்ந்து கூட்டிப்போனேன். மூன்று பேர் ஒரு வண்டியில். இரண்டையும் ஜெயித்தார்கள். மூன்றாவது எங்கள் திடலில், சாலவாக்கம் பக்கத்துப் பிள்ளைகளோடு.

மேட்ச்சுக்கு முந்தின நாள் காலையில் திடலுக்குப் போனால், தரையே தெரியவில்லை. ஒரே நெல். நடுவில் என் வீட்டுக்காரர் காலால் வாரிவிட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?"

"நெல்லு. தெரியல?"

"நாளைக்கு மேட்ச்சுய்யா!"

"நாளைக்குத்தானேமே? இன்னிக்கு வெயில் கீது."

மழை விட்டு அன்றைக்குத்தான் வெயில் அடித்தது, அதுவும் வாஸ்தவம். மத்தியானம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டேன். துடைப்பமும் கோணியுமாக வந்தார்கள். கூட்டி, அள்ளி, மூட்டை கட்டி, ஆளுக்கொரு மூட்டையாகத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடினார்கள். என் வீட்டுக்காரர் சண்டைக்கு வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு பார்த்துக்கொண்டே நின்றார். "தூக்கிக்கினு ஓடுதுங்களேமே!" என்றார்.

சாயங்காலம் உத்திரமேரூரிலிருந்து டிரில் மாஸ்டர் வந்தார். மறுநாள் ரெஃப்ரியும் அவர்தான். கயிறு கட்டி அளந்து முளை அடித்தார். கோடு போடச் சுண்ணாம்புப் பொடி யூனியனிலிருந்து வரவேண்டியது, வரவில்லை. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றபோது, வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த கேப்டனின் அம்மா வேலிக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"வெள்ளையா கோடுதானே சார் வோணும்?"

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் இரண்டு தெருப் பெண்களும் திடலில் கூடிவிட்டார்கள். வந்ததும் முதல் காரியமாகச் சாணி கரைத்துத் தெளித்தார்கள். டிரில் மாஸ்டர் பதறினார். "தூசி அடங்கும் சார், நீங்க சும்மா இருங்க" என்றார்கள். அடுத்து, முதன்முதலாக நம் ஊரில் மேட்ச் நடக்கிறது, நல்ல காரியம், கடையில் விற்கிற கல்லுப்பொடி மொக்குமாவு ஆகாது, அரிசி மாவில்தான் போட வேண்டும் என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். எல்லோரும் வீட்டுக்கு ஓடி மாவு கொண்டுவந்தார்கள். கோடு நன்றாகத்தான் வந்தது. ஆனால் கோட்டோடு நிறுத்த அவர்களுக்குக் கை வரவில்லை. மூலைக்கு மூலை ஒரு தாமரை மலர்ந்தது.

"கோடு மட்டும் போதும்மா" என்றார் டிரில் மாஸ்டர்.

"மூல வெறிச்சுனு கீதே சார்!"

கோட்டுக்கு வெளியே தாமரை இருந்தால் பரவாயில்லை என்று அவர் இறங்கி வந்தார். கேப்டனின் அம்மா நடுக்கோட்டைப் போட்டாள். தாமரை எதுவும் வைக்கவில்லை, ஆனால் அவ்வளவு பட்டையாக, வெள்ளை வெளேரென்று போட்டிருந்தாள்.

பிள்ளைகள் பயிற்சிக்கு இறங்கியதும்தான் வேடிக்கை ஆரம்பித்தது. ஒருத்தியும் கோட்டின் மேல் கால் வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து வாசல் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் பழகிய கால்கள் ஆயிற்றே! 'கபடி கபடி' என்று பாடப் போகிறவள் நடுக்கோடு வந்ததும் வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி எகிறிக் குதித்தாள். தெரியாமல் எவளாவது மிதித்துவிட்டால், "கோலத்த மெதிக்காதடி!" என்று நாலு பக்கமிருந்தும் வசவு. கேப்டனைப் பிடித்துச் சாய்த்தபோது கை நடுக்கோட்டுக்கு எட்டும் தூரம்தான். நீட்டினாள், கோட்டைப் பார்த்தாள், கையை மடக்கிக்கொண்டாள்.

"தொட்டிருந்தா பாயிண்டும்மா! ஏன் கையை எடுத்த?" என்று தலையில் அடித்துக்கொண்டார் டிரில் மாஸ்டர்.

"எங்கம்மா இப்பத்தான் சார் போட்டுது."

எனக்கு வந்ததே கோபம்! "மெதிங்கடி! மெதிக்கத்தாண்டி போட்டுக்கீது!" என்று நான் கத்திய கத்தலில் ஊஞ்சலில் இருந்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் கோடு இல்லை. ஊர்க்கோழி மொத்தமும் திடலில்தான் இருந்தது. சிந்திக் கிடந்த நெல்லுக்கு வந்தவை அரிசி மாவையும் சேர்த்து ஒரு கை பார்த்துவிட்டன. கோழி விட்டுவைத்ததற்கு எறும்பு வந்திருந்தது. நேற்று வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் இன்றைக்குக் கறுப்புக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. மேடம் வருகிற நேரம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அரிசி மாவு என்று சொன்னது யார் என்று கேட்டால், ஒருத்தி இன்னொருத்தியைக் காட்ட, அவள் அடுத்தவளைக் காட்டினாள். பேசிக்கொண்டிருந்தால் ஆகாது என்று கடைக்கு ஆளை விரட்டி மொக்குமாவு வாங்கிவரச் சொன்னேன். கோழிகளை விரட்டி, எறும்பைக் கூட்டித் தள்ளி, மறுபடியும் எல்லோரும் குனிந்தோம். மேடம் ஜீப்பிலிருந்து இறங்கியபோது, இரண்டு தெருப் பெண்களும் மாவுக் கிண்ணமும் கையுமாகக் கபடித் தரையில் குந்தியிருந்தோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

சாலவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரே நிற பனியன், ஷூ என்று வந்திறங்கினார்கள். எங்களுடையதுகள் வெறுங்கால். மேட்ச் ஆரம்பித்ததும் ஒன்று நடந்தது. கோலம் போட்ட எங்கள் பெண்களுக்குக் கபடியில் ஒரு விதியும் தெரியாது. கோட்டைத் தாண்டிக் கால் வெளியே போனால் அவுட் என்று மட்டும் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அது போதும் அவர்களுக்கு! அவரவர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் அவரவர் காவலுக்கு நின்றுவிட்டார்கள். "சார்! தாண்டிட்டா சார்! என் கோடு சார், நான் பாத்தேன்!" என்று ஒருத்தி இந்தப் பக்கம் கத்துவாள். திரும்பினால் அந்தப் பக்கம் ஒருத்தி. நம் பிள்ளை, அசலூர்ப் பிள்ளை என்கிற பேதமே இல்லை. ஒருத்தி தன் சொந்த அண்ணன் மகளையே அவுட் என்று கைகாட்டி வெளியே அனுப்பினாள். டிரில் மாஸ்டருக்கு விசில் ஊத வேண்டிய வேலையே பாதி குறைந்துபோயிற்று.

கேப்டனின் அம்மா நடுக்கோட்டின் முனையில் நின்றாள். அவள் கவலை வேறு. யார் பாடப் போனாலும், "மெதுவா, மெதுவா, கோலம் அழியப் போவுது" என்று முனகிக்கொண்டே இருந்தாள். வேலிக்கு வெளியே என் வீட்டுக்காரர். மிச்ச நெல் கிடக்கிறதா என்று பார்க்க வந்தாராம். பார்த்தவர் போகவில்லை.

கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். நேரம் முடிகிறது. கேப்டன் பாடப் போனாள். உள்ளே போய் ஒருத்தியைத் தொட்டுத் திரும்புவதற்குள் மூன்று பேர் விழுந்து பிடித்துவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில், ஒருத்தி தொடையில், ஒருத்தி கணுக்காலில். அவள் விழுந்தாள். விழுந்த பிறகும் "கபடி கபடி கபடி" நிற்கவில்லை. முழங்கையை மண்ணில் ஊன்றி, மூன்று பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். கையை நீட்டினாள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது. அந்தப் பட்டை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுடைய அம்மா கத்தினாள். காலையிலிருந்து கோலம், கோலம் என்று கிடந்தவள், தலையில் இருந்த முந்தானை நழுவி விழ, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அழிடீ! அழிச்சிடுடீ! நல்லா அழிடீ!"

அந்தக் கை பாய்ந்தது. விசில் ஒலித்தது.

எதிராளிகள் தொடவில்லை என்றார்கள். எங்கள் பெண்கள் தொட்டாள் என்று கூச்சல் போட்டார்கள். டிரில் மாஸ்டர் எல்லோரையும் விலக்கிவிட்டுக் குனிந்து கேப்டனின் கையைத் தூக்கிக் காட்டினார். விரல் முழுக்க வெள்ளை. நடுக்கோட்டில் அந்த இடத்தில் மட்டும் மாவு கிழிந்து கிடந்தது. முதலில் சிரித்தது எதிர்த் தரப்புக் கேப்டன்தான். "ஒத்துக்கிறோம் சார்" என்று சொல்லி, எங்கள் கேப்டனைக் கைபிடித்துத் தூக்கிவிட்டாள். அப்புறம் என்ன சத்தம், என்ன கும்மாளம்! என் வீட்டுக்காரர் கேட் திறந்திருந்தும் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி கம்பியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த வாரம் கிராம சபை. மேடம் சொன்னபடி வந்து, திடல் திடலாகவே இருக்கட்டும் என்று பேசினார். தலைவர் விடவில்லை. களத்தின் அருமையை எடுத்துச் சொல்லிவிட்டு, ஆதரவுக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து தலையைச் சொறிந்தார்.

"களம் வோணும் தலைவரே, வோணாம்னு சொல்லல. ஆனா அங்க வோணாம். மேட்டாண்ட புறம்போக்கு கீதே, அதுல கட்டு."

"அது தூரம்னு நீதானேப்பா சொன்ன?"

"சொன்னேன். அந்தப் பொண்ணு மூணு பேர இழுத்துக்கினு வந்துச்சு தலைவரே! நாம ஒரு மூட்டைய இழுத்துக்கினு போவ முடியாதா?"

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை. திடல் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். முன்னால் தூக்கினார்கள், பின்னால் தூக்கினார்கள். காலனிப் பெண்கள் நின்ற பக்கத்தில் கேப்டனின் அம்மா இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். "ஒரு கை போதும்" என்று யாரோ சொல்ல, "இருக்கட்டும்" என்றாள்.

சபை கலைந்ததும் யார் சொன்னது என்றில்லை, எல்லோரும் திடலுக்குத்தான் போனோம். பிள்ளைகள் எங்களை விடவில்லை. "எங்களையே வேடிக்கை பாக்குறீங்களே, நீங்க ஒரு ஆட்டம் ஆடுங்க" என்று பிடித்துத் தள்ளினார்கள். சரி என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். முதலில் பாடப் போனது நான். "கபடி கபடி" என்று நாலு தடவை சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. எதிர்ப் பக்கத்தில் கேப்டனின் அம்மா நின்றாள். நான் கிட்டப் போகப் போக அவள் வரப்பில் நிற்கிற மாதிரியே ஒதுங்கி ஒதுங்கிப் பின்னால் போனாள். கையைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலை நேராக அவள் பக்கம் நீட்டினேன். அவள் என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டாள்.

இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். நடவு நட்ட கை, என்ன பிடி! உதறினேன், இழுத்தேன், நகர முடியவில்லை. "வுடாதம்மா, வுடாத!" என்று அவள் மகள் அங்கே குதிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்து கபடி போய்விட்டது. தலையெல்லாம் மண், அவள் முகமெல்லாம் மண்.

"அவுட்டு மெம்பரம்மா! நீ அவுட்டு!" என்று என் காதுக்குப் பக்கத்தில் கத்தினாள்.

"வுடுடி காலை!"

"ஒத்துக்கினாத்தான் வுடுவேன்."

நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவளும் விடவில்லை.